பேரோட கட்டின படம்

எடுத்துடலாம் ஹாஜி. எடுக்க முடியாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? படத்தை எடுக்கணும், அந்த இடத்துல ரோஜாப்பூ வைக்கணும், அவ்வளவுதானே. செய்யலாம். முதல்ல நீங்க உக்காருங்க. தலைக்கு மேல நின்னு சத்தம் போட்டா எனக்குக் கை ஓடாது. ஐயோ அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்படி வாங்க, ஃபேன் காத்தும் வரும், திரையும் தெரியும்.

ஆமா, பக்கம் கட்டறது நான்தான். விதாத்னு கூப்பிடுவாங்க. முதலாளி அபூ நவ்ராஸ் ஊர்ல இல்ல, நஜஃபுக்கு ஜியாரத் போயிருக்காரு. போன் போடுங்களேன், தாராளமாப் போடுங்க. அவரு விதாத்கிட்டக் கேளுங்கன்னுதான் சொல்லுவாரு. கடை அவருடையது, கம்ப்யூட்டர் என்னுடையது, அப்படித்தான் இங்க ஓடுது. பாத்தீங்களா, எடுக்கல. தர்காவுக்குள்ள இருப்பாரு, விடுங்க.

யாரு போடச் சொன்னாங்கன்னு அப்புறம் பேசுவோம் ஹாஜி. மெடிக்கல் காலேஜ்ல இருந்து நினைவுப் புத்தகத்துக்குக் கவர் வந்துச்சு. பஸ் கவுந்து மவுத்தான பிள்ளைங்க பேரு, அவங்கவங்க வீட்டுல எழுதிக் குடுத்த நாலு வரி, படம். ஆம்பளப் பிள்ளைன்னா படம், பொம்பளப் பிள்ளைன்னா ரோஜா. இங்கத்து வழக்கம் எனக்குத் தெரியாதா? அஷார் சந்துலயே பொறந்து வளந்தவ நான். சாவுக்குத் தெருவுல கட்டற கறுப்புத் துணியிலயே பொம்பள பேரு இருக்காது, இன்னாரு தாயாரு, இன்னாரு சகோதரின்னுதான் இருக்கும். எங்க உம்மாவுக்கும் அப்படித்தான் கட்டினாங்க. துணி எங்க வாசல்ல தொங்குது, யாரோ வழிப்போக்கன் வந்து, இந்த வீட்டுல யாருமா மவுத்துன்னு என்கிட்டயே கேக்குறான். சரி, அது என் வீட்டுக் கதை.

உங்க விஷயத்துக்கு வர்றேன். மத்த பொண்ணுங்களுக்கெல்லாம் ரோஜா இருக்கு, உங்க தம்பி சாசிப் மக சுந்துஸுக்கு மட்டும் முகம் இருக்கு. அதை உங்க மகன் காலேஜ்ல ப்ரூஃப்ல பாத்துட்டு வந்து வீட்டுல சொல்லிட்டான். நாளைக்கு நாப்பதாம் நாள் ஃபாத்திஹா. பந்தல்ல கோத்திரத்துப் பெரியவங்க அத்தனை பேரும் வந்து உக்காருவாங்க. வீட்டுக்கு மூத்தவரு நீங்க வாசல்ல நின்னு ஆளுக்கொரு புத்தகம் கையில குடுக்கணும். அதைத் திறந்தா உங்க வீட்டுப் பொண்ணு சிரிச்சுகிட்டு இருக்கு. உங்களுக்கு ஆகல. எனக்குப் புரியுது ஹாஜி, மரமண்டை இல்ல நான்.

அச்சா? இன்னைக்குத்தான் அச்சு. பிரஸ் இங்க இல்லியே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கு. நாங்க இங்க பக்கம் கட்டி லைன்ல அனுப்பிடுவோம், அவங்க பிளேட் போட்டு ஓட்டுவாங்க. பக்கம் எங்க இருக்குன்னா, இதோ என் முன்னால திரையில இருக்கு, உங்க கண்ணாலதானே பாக்குறீங்க. அப்புறம் ஏன் பதறுறீங்க? டீ சொல்லட்டுமா? வேணாமா? நான் சொல்லிடுறேன், வந்தா குடிங்க, இல்லாட்டி ஆறட்டும்.

இதோ, இதுதான் அந்தப் பக்கம். ஹாஜி, முகத்தைத் திருப்பிகிட்டா எப்படி. நீங்க பெரியவாப்பா. நீங்க பாக்கலாம், குத்தமில்ல. நீங்க சொல்லாம நான் எதையும் தொட மாட்டேன், அப்புறம் நான் ஒண்ணு கிடக்க ஒண்ணு செஞ்சேன்னு வரக் கூடாது. ஒரு தடவை பாருங்க. ஆங்.

சரி, இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. படத்தைச் சட்டுனு பிடுங்கிட்டு வேற வைக்க, இது என்ன சுவத்துல மாட்டின காலண்டரா? மேட்டர், அதான் இந்த எழுத்து, ஓடிகிட்டே இருக்கும் ஹாஜி. முதல் பக்கத்துல ஒரு வரி கூடினா கடைசிப் பக்கம் வரைக்கும் எல்லாம் கீழ இறங்கும். ஓடற மேட்டருக்கு நடுவுல படத்தை ரெண்டு விதமா வைக்கலாம். ஒண்ணு, பக்கத்துல ஆணி அடிச்சாப்பல வைக்கறது. மேட்டர் எங்க ஓடினாலும் அது நகராது. இன்னொண்ணு, பேரோட கட்டறது. பேரு அடுத்த பக்கம் போச்சுன்னா படமும் பின்னாலேயே போயிடும். இங்க ஓரத்துல நங்கூரம் மாதிரி சின்னதா ஒரு குறி தெரியுதா? கண்ணாடி போட்டுக்கங்களேன். ம், அதான். அந்தக் குறி எந்த எழுத்துமேல நிக்குதோ, படம் அந்த எழுத்துக்குச் சொந்தம். சுந்துஸ்ங்கற பேருல முதல் எழுத்துல கட்டியிருக்கேன்.

ஏன் அப்படிக் கட்டினேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. இல்ல ஹாஜி, சுருக்கமாச் சொல்றேன், கை வேலை செஞ்சுகிட்டே இருக்கு பாருங்க, நிறுத்தல. மேல ஆத்துப் பக்கம் ஒரு பெரிய ஷேக் மவுத்தானாரு, பேரு வேணாம். அவரு வீட்டுக்கும் இதே மாதிரி ஒரு புத்தகம். ஷேக், அவரு தம்பிங்க, மவுத்தான சகோதரி, மாமன் மச்சான்னு வம்சமே அதுல இருந்துச்சு. பக்கம் கட்டினது எங்க முதலாளி. நான் சொல்லச் சொல்லக் கேக்காம எல்லாப் படத்தையும் ஆணி அடிச்சுட்டாரு. ப்ரூஃப் போச்சு, எல்லாருக்கும் திருப்தி. அச்சுக்குப் போற அன்னைக்கு மகன்மாருங்க திரும்பி வந்தாங்க. வாப்பா பேருக்கு முன்னால பட்டம் பத்தலையாம். கண்ணியத்துக்குரிய போடு, கொடை வள்ளல் போடு, கோத்திரத்தோட விளக்கு போடு. மூத்தவன் ஒண்ணு சொன்னா இளையவன் ரெண்டு சொல்றான். இல்லேன்னு சொல்ல யாருக்குத் தைரியம்? முதலாளி தட்டிகிட்டே போறாரு. மேட்டர் பூரா இறங்கிடுச்சு. படம் ஒண்ணும் நகரல.

சிரிக்காதீங்க. இல்ல, சிரிக்கலையா? சரி. புத்தகம் வந்துச்சு. ஷேக்குப் பேருக்கு நேரா ரோஜாப்பூ! அவரு சகோதரி, இன்னாருடைய தாயாரு, பரிசுத்தமான பெண்மணின்னு எழுதியிருக்கற இடத்துல, ஷேக் இவ்வளவு பெரிய மீசையோட உக்காந்திருக்காரு. பந்தல்ல வச்சுப் பிரிச்சுப் பாத்திருக்காங்க. சாயங்காலம் தொழுகைக்கு முன்னாடி இந்தச் சந்துல ஜீப் நிக்க இடமில்ல. முதலாளி பின்பக்கமா இறங்கி மீன் மார்க்கெட்டுக்குள்ள புகுந்துட்டாரு. நான்தான் மேல நின்னேன். எங்க கோத்திரத்துல இருந்து ஆளு வந்து, காபி வச்சு, பேசி, மன்னிப்புக் கேட்டு, புதுசா அடிச்சுக் குடுத்து ஒருவழியா அடங்குச்சு.

ஆனா ஒண்ணு ஹாஜி. அந்தப் புத்தகத்துல வேற பொம்பளைங்களும் இருந்தாங்க. பெரியம்மா, சின்னம்மா, ஒரு சின்னப் பொண்ணுகூட. அவங்க ரோஜாவும்தான் இடம் மாறிப் போச்சு. ஒருத்தி ரோஜா இன்னொருத்திகிட்டப் போயிடுச்சு. அதுக்கு யாரு வந்தா? எந்த ஜீப் வந்துச்சு? எப்படி வரும், எல்லாம் ஒரே ரோஜா. என் கம்ப்யூட்டர்ல இருக்கறது ஒரே ஒரு பூ. அதைத்தான் எல்லா வீட்டுக்கும் வைக்கறேன். அதுலருந்துதான் நான் எதையும் ஆணி அடிக்கறதில்ல. பூவோ முகமோ, பேரோட கட்டிடுவேன்.

கோவிச்சுக்காதீங்க, கதை முடிஞ்சுது. இந்தா, எடுக்கறேன் பாருங்க. ஒரு தட்டு, போச்சு. என்ன ஆச்சு பாத்தீங்களா? படம் இருந்த இடத்தை எழுத்து வந்து அடைச்சிருச்சு. இதுவரைக்கும் படத்தைச் சுத்தி ஒதுங்கிப் போயிகிட்டு இருந்த வரியெல்லாம் இப்பப் பக்கம் பூரா பரவிடுச்சு. கீழ இருந்த லுவாய்ங்கற பையன் பேரு மேல ஏறி உங்க பொண்ணு வரியோட ஒட்டி நிக்குது. இப்படியே பூவை வச்சா, பூ லுவாய்க்கு வச்சாப்பல தெரியும். அவன் வாப்பா வந்து என் கழுத்தைப் பிடிப்பாரு. அதான் நேரமாகும்னு சொன்னேன்.

பிரஸ்ஸுக்கா? நேராப் போய் என்ன செய்வீங்க? அங்க இருக்கறவனுக்குக் காகிதத்தை எண்ணத் தெரியும், மை ஊத்தத் தெரியும். படத்தை எடுடான்னா முழிப்பான். நான் குடுக்கற பக்கம்தான் அவனுக்குக் குர்ஆன். நீங்க படி இறங்கினீங்கன்னா நான் இதை இப்படியே போட்டுட்டு மதியம் லுஹர் தொழப் போயிடுவேன், அப்புறம் யாரைக் கேப்பீங்க? உக்காருங்க ஹாஜி. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். உங்க கண்ணு முன்னால மாத்தறேன், நீங்க சரின்னு சொல்லுங்க. பின்னால ஒரு பேச்சு வரக் கூடாது.

அட, கரண்ட்டு. சொல்லி வச்சாப்பல போகுது பாரு. பயப்படாதீங்க, இதுக்குப் பேட்டரி இருக்கு, கொஞ்ச நேரம் நிக்கும். ஃபேன்தான் நின்னுடுச்சு. தெரு ஜெனரேட்டர்காரன் இப்பப் போடுவான். போட மாட்டான், அவன் தூங்கிகிட்டு இருப்பான். ஜன்னலத் திறக்கறேன். வெளிய காத்தா வருது, நெருப்பு வருது. இந்தாங்க, இந்த அட்டையால விசிறிக்குங்க. டீயும் வந்துடுச்சு. சக்கரை அடியில நிக்குது, கலக்கிக்குங்க.

தம்பிக்குப் போன் போடுறீங்களா? சாசிப்புக்கா? எதுக்கு இப்போ அவரைப் போயி. எடுக்கலையா. வண்டி ஓட்டிகிட்டு இருப்பாரு. நாளைக்குப் பந்தல், அரிசி, கறி, பாத்திரக்காரன்னு அலைய வேண்டியதுதானே. பெத்த பிள்ளையோட நாப்பதுக்கு ஒரு மனுஷன் வாடகைப் பாத்திரத்துக்கு அலையறான் பாருங்க, அல்லா யாருக்கும் குடுக்கக் கூடாது. மறுபடியும் போடாதீங்க ஹாஜி, வீணா. முடிச்சுட்டு நாமளே சொல்லிக்கலாம்.

உங்க தம்பி பேசவே மாட்டாராமே? ஊர்ல சொல்லுவாங்க. ஹாஜி தாஹிர் ஒரு கூட்டத்துல பேசினா தம்பி பின்னால நின்னு தலையாட்டுவாரு, அதோட சரின்னு. தப்பாச் சொல்லல. வாப்பா இல்லாத பிள்ளைய நீங்கதானே தூக்கி வளத்தீங்க. அவரு கல்யாணத்தை நடத்தினீங்க. அந்தப் பொண்ணைக் காலேஜுக்கு அனுப்புன்னு சொன்னதே நீங்கதானாமே? அப்படியா? பரீட்சை அன்னைக்கு வண்டியில கொண்டுபோய் விட்டதும் நீங்களா? வெயில்ல வெளியவே நின்னீங்களா, அது வர்ற வரைக்கும்? அதை யாரும் என்கிட்டச் சொல்லல. தண்ணி குடிங்க. மெதுவா.

இல்ல ஹாஜி, உங்களுக்குப் பாசமில்லேன்னு நான் எங்க சொன்னேன்? ஊரான் எவனெவனோ அது முகத்தைப் பாத்து, மடிச்சுப் பாக்கெட்டுல வச்சுகிட்டுப் போறதை உங்களால தாங்க முடியல. உயிரோட இருந்தப்ப யாரு கண்ணும் படாம வச்சிருந்தோம், இப்ப ஏன் தெருவுல போடணும்ங்கறீங்க. நியாயம்தான். உங்க பக்கத்து நியாயம் அது. பெத்தவங்க பக்கத்துல என்ன இருக்குன்னு கேட்டீங்களா? அவங்க உம்மாகிட்டக் கேட்டீங்களா? பொம்பளைங்ககிட்டக் கேக்கற விஷயமில்லைங்கறீங்களா இது? சரி, நான் வாயை மூடிக்கறேன்.

ரோஜா வைக்கறேன். பாருங்க, கொண்டாந்தாச்சு. இந்தப் பூவை எத்தனை தடவை வச்சிருப்பேன், கண்ணை மூடிகிட்டு வைப்பேன். இன்னும் கொஞ்சம் பெருசாவா? இவ்வளவு போதுமா? சுத்தி இடம் விடணும், இல்லேன்னா எழுத்து இதழை இடிக்கும். ஓரத்துல ஒரு வரி ஒத்தை வார்த்தையா தொங்குது, அதையும் உள்ள தள்ளிட்டேன். லுவாய் கீழ இறங்கிட்டான். இப்ப எப்படி இருக்கு? அழகா இருக்கா? ம். அழகாத்தான் இருக்கு.

என்னது? பேரையுமா?

ஹாஜி, பேரு ஏன் ஹாஜி? படத்துக்குத்தானே வந்தீங்க. சாசிப் மகள்னு மட்டும் போதுமா? துணியிலயும் அப்படித்தானே போட்டோம்ங்கறீங்க. துணி வேற, இது வேற. காலேஜ்ல படிச்சது சாசிப் மகளா, சுந்துஸா? டாக்டர் கோட்டுல குத்தியிருந்த பேரு என்ன? ஹாஜி, நீங்க அதை வீட்டுல எப்படிக் கூப்பிட்டீங்க, சாசிப் மகளே இங்க வான்னா?

சத்தம் போடுங்க, பரவாயில்ல, அடுத்த ரூம்ல யாருமில்ல. எனக்குத் தகுதியில்லதான். சம்பளத்துக்கு உக்காந்து எழுத்தை நகத்தறவ நான். ஆனா இதை நீங்களே உங்க கண்ணால பாத்துடுங்க. அந்தப் பேரை அழிக்கறேன். அழிச்சேனா? பூ எங்க போச்சு? பேரோட சேந்து அதுவும் போயிடுச்சு. அது அந்த எழுத்துல கட்டியிருந்துச்சு. இப்ப நீங்க அந்தப் பூவைத் திரும்ப வைக்கச் சொல்றீங்க, எதுல கட்டறது நான்? சாசிப்புங்கற பேருல கட்டவா? சாசிப் உயிரோட இருக்காரு ஹாஜி. மவுத்தானது அவரு இல்ல. இந்தப் பக்கத்துல இனி அந்தப் பிள்ளை பேருன்னு ஒரு எழுத்துகூட இல்ல. பதில் சொல்லுங்க, எதுல கட்டறது?

எதுக்கு இப்பக் கண்ணாடியைக் கழட்டறீங்க? திரையைப் பாத்துச் சொல்லுங்க.

சரி. நானே சொல்லிடறேன், என்னாலயும் இதுக்கு மேல அடக்க முடியல. பயம்தான் எனக்கு. நீங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு எனக்கு இங்க நாற்காலி இருக்காது, அது எனக்குத் தெரியும். திரையில நான் எடுத்தது, வச்சது, அழிச்சது எல்லாம் திரையோட சரி ஹாஜி. பக்கம் காலையிலயே பிரஸ்ஸுக்குப் போயிடுச்சு. நீங்க இந்தப் படி ஏறி வந்தப்பவே மெஷின் ஓடிகிட்டு இருந்துச்சு. இன்னைக்குத்தான் அச்சுன்னு சொன்னேன்ல, அது பொய்யில்ல. டீ குடிச்சுகிட்டு இருந்தப்ப எனக்கு மெசேஜ் வந்துச்சு, கட்டு கட்டி வண்டியில ஏத்தியாச்சுன்னு.

உக்காருங்க. எனக்கு என்ன பகை உங்க வீட்டோட? நான் உங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன்.

உங்க தம்பிதான். காலையில நான் ஷட்டர் தூக்கறேன், வாசல்ல நிக்கறாரு. ராத்திரி சாப்பாட்டுல நீங்க எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டீங்களாமே, நாளைக்கு நானே போய் அந்தப் படத்தைப் பிடுங்கிட்டு வர்றேன்னு. அவரு தலையைக் குனிஞ்சுகிட்டாராம். அந்தப் படத்தைக் கவர்ல வச்சவரே அவருதான். அதுல அவரும் இருந்தாரு ஹாஜி, பக்கத்துல நின்னு மக தோள்ல கை போட்டிருந்தாரு. மவுத்தானவங்க புத்தகத்துல உயிரோட இருக்கறவரை வைக்க முடியாதே, வெட்டிட்டேன். விரல் மட்டும் தோள்ல நிக்குது. அழிச்சுடவான்னு கேட்டேன். வேணாம், அது அங்கயே இருக்கட்டும்னாரு.

அப்புறம் நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே, அதுலதான் உக்காந்தாரு. எங்க அண்ணன் வருவாரு, அவரு முன்னால நான் இன்னைக்கு வரைக்கும் வாய் திறந்ததில்ல, இனிமேயும் திறக்க மாட்டேன்னாரு. அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா நான் சரின்னுடுவேன், என் பிள்ளை முகம் போயிடும். அவரு என்னைப் பாக்கறதுக்குள்ள அச்சு முடிஞ்சுடணும், அதுவரைக்கும் நீங்க அவருகிட்டப் பேசிகிட்டு இருக்கீங்களான்னு கேட்டாரு. ஒரு ஆம்பள, என் வயசு ஆளு, என் முன்னால அழுதுகிட்டுக் கேக்கறாரு. நான் என்ன செய்வேன்? பேசறதுதானே, அது எனக்கு வரும்னு சொன்னேன்.

பின்னாலயே துரத்திகிட்டுப் போக வேண்டாம் ஹாஜி, அவரு எங்கயும் ஓடல. கீழதான் இருக்காரு, பேக்கரிக்கு எதிர்ல. வண்டிக்குள்ள பின்சீட்டு பூரா உங்க வீட்டுப் பங்குப் புத்தகம், முன்சீட்டுல அவரு. மேல வரப் பயம். நாளைக்கு இதை யாரு குடுப்பாங்கன்னு நானும் கேட்டேன். நான் குடுக்க மாட்டேன், மூத்தவரு அவரு இருக்கறப்ப நான் எப்படிக் குடுக்கறது, அவரு குடுத்தாக் குடுக்கட்டும், இல்லேன்னா எல்லாத்தையும் ஆத்துல போடச் சொன்னாலும் போட்டுடறேன்னு சொல்லிட்டாரு. ஒரு புத்தகத்தை மட்டும் வச்சுக்குவேன், அதுக்கு மட்டும் அண்ணன்கிட்டக் கேளுங்கன்னாரு.

போறீங்களா? போங்க. என்னை என்ன வேணா சொல்லிக்குங்க, முதலாளி வந்ததும் சொல்லுங்க. அவரை மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க ஹாஜி, காலையில இருந்து அந்த மனுஷன் ஒண்ணும் சாப்பிடல.